பெயரைக் கேட்டால் பட்டியல் வரும்: சி மொழியில் முகவரி தேடுதல்

கடலூர் பேருந்து நிலையத்தில் நிற்கும் வண்டியின் முன்பலகையில் ‘புதுச்சேரி’ என்று எழுதியிருக்கும். படிக்கட்டில் நிற்கும் கண்டக்டர் ‘பாண்டி, பாண்டி’ என்று கூவுவார். பக்கத்து இருக்கைப் பெரியவர் ‘புதுவை ஒண்ணு’ என்று சில்லறையை நீட்டுவார். பாண்டிச்சேரி என்ற பெயரை அரசாங்கம் 2006-இல் புதுச்சேரி என்று மாற்றியது. கண்டக்டர்களுக்கு அந்த உத்தரவு இன்னும் வந்து சேரவில்லை போல. ஆனாலும் எல்லோரும் ஒரே ஊரில்தான் இறங்குகிறோம்.

அந்த வண்டியில் தினமும் வேலைக்குப் போய்வருகிறவன் நான். போன மாதம் ஒரு நாள் அக்கா மகனும் கூட வந்தான். பொறியியல் மூன்றாம் வருடம். புராஜெக்டுக்காகச் சின்னதாக ஒரு பெட்டி செய்திருக்கிறான். போர்வெல்லில் நீர்மட்டம் எவ்வளவு என்று அளந்து, மணிக்கு ஒரு தடவை சர்வருக்கு அனுப்பும். ஒன்று படுத்துவிட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு சர்வர் வைத்திருக்கிறான். எல்லாம் சி மொழியில். வண்டி கன்னியக்கோயில் தாண்டுவதற்குள் லேப்டாப்பை மடியில் விரித்துவிட்டான்.

“மாமா, ரெண்டு சர்வரும் வேற வேற எடத்துல இருக்கு. பேரும் வேற. ஆனா என் புரோகிராம் ரெண்டுக்கும் ஒரே அட்ரஸ் காட்டுது. டிஎன்எஸ்ல ஏதோ தப்பு.”

டிஎன்எஸ்ஸில், அதாவது பெயரைக் கேட்டால் எண் சொல்லும் இணைய ஏற்பாட்டில், ஒரு தப்பும் இல்லை. அவன் பயன்படுத்திய ஃபங்ஷன் அப்படிப்பட்டது. அதை அவனுக்கு விளக்கப்போய், வண்டி அரியாங்குப்பம் வந்த பிறகும் பேச்சு முடியவில்லை. அன்று விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஒரு சின்ன முன்குறிப்பு. ஃபங்ஷன் பெயர்களைத் தமிழில் ஒலிப்படி, நடுவில் கோடு போட்டு எழுதுகிறேன், படிக்க வசதியாக. புரோகிராமில் தட்டும்போது அந்தக் கோடுகள் இல்லாமல் ஒரே சொல்லாக, ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்ட வேண்டும். ‘அட்ர்’ என்று வரும் இடமெல்லாம் அட்ரஸ் என்ற சொல்லின் முதல் நான்கு எழுத்து மட்டும்: ஏ, டி, டி, ஆர்.

முதலில், எதற்காக இந்தத் தேடல்? இணைப்பை ஏற்படுத்தும் ‘கனெக்ட்’ ஃபங்ஷனுக்குப் பெயர் புரியாது. அதற்கு எண்தான் வேண்டும். பழைய முகவரி முறையான ஐபிவி4 என்றால் 4 பைட், புதிய ஐபிவி6 என்றால் 16 பைட். அதோடு ஒரு போர்ட் எண், அந்தக் கணினியில் எந்தச் சேவை வேண்டும் என்பதற்கு. மனிதனுக்கு எண் நினைவில் நிற்காது, கணினிக்குப் பெயர் உதவாது. நடுவில் யாராவது உட்கார்ந்து பெயரை எண்ணாக மாற்றித் தர வேண்டும். சி லைப்ரரியில் இருக்கும் சில ஃபங்ஷன்கள் அந்த வேலையைச் செய்கின்றன.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெயரை எண்ணாக மாற்றுவது கணக்குப் போடுவது மாதிரி இல்லை. கணக்கு எப்போது போட்டாலும் ஒரே விடை. இது ஆளிடம் போய் விசாரிப்பது மாதிரி. ஆள் இல்லாமல் போகலாம், தாமதமாகப் பதில் சொல்லலாம், நேற்று ஒன்று இன்று ஒன்று சொல்லலாம், ஒரே கேள்விக்கு நாலு பதில் சொல்லலாம். புதிதாக எழுதுகிறவர்கள் இதைக் கணக்கு மாதிரியே நினைத்து எழுதுவதால்தான் முக்கால்வாசிக் கோளாறு வருகிறது.

விசாரிக்கும் ஆள் யார் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட் காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் அதைப் பராமரித்தார்கள். மற்றவர்கள் அவ்வப்போது அதை நகல் எடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் என்ற முறையை வகுத்தார். பெயர்ப் பட்டியலை ஓர் இடத்தில் குவிக்காமல், அவரவர் பகுதியை அவரவர் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

அதே 1983-இல்தான் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸ் வந்தது. கெட்-ஹோஸ்ட்-பை-நேம் என்ற ஃபங்ஷன் அதில் பிறந்தது. அப்போது அது பார்த்தது ஒரு கோப்பை. பிறகு அதே ஃபங்ஷன் டிஎன்எஸ்ஸிடம் கேட்க ஆரம்பித்தது. அழைக்கும் புரோகிராமில் ஒரு வரி மாற்ற வேண்டியிருக்கவில்லை. டிக்கெட் கவுன்டர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: ஜன்னல் அதேதான், உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆள் மாறிவிட்டார். இது வசதிதான். ஆனால் உள்ளே யார் இருக்கிறார் என்று நமக்குத் தெரியாமல் போவதும் இதனால்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது மருமகனின் கோளாறு. கெட்-ஹோஸ்ட்-பை-நேமுக்கு ஒரு பெயரைக் கொடுத்தால் ஒரு ஸ்ட்ரக்சருக்கான பாயின்டரை, அதாவது விவரங்களைச் சேர்த்து வைத்த இடத்தைக் காட்டும் குறியை, திருப்பித் தரும். அந்த ஸ்ட்ரக்சரில் ஐந்து விஷயம் இருக்கும்: அதிகாரப்பூர்வப் பெயர், மாற்றுப் பெயர்களின் பட்டியல், முகவரியின் வகை, அதன் நீளம், முகவரிகளின் பட்டியல். நம் கணக்கில் புதுச்சேரி அதிகாரப்பூர்வப் பெயர்; பாண்டியும் புதுவையும் மாற்றுப் பெயர்கள். வடிவம் என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஸ்ட்ரக்சர் எங்கே இருக்கிறது என்பதில்தான் வம்பு. நமக்கென்று தனியாக இடம் ஒதுக்கி அதில் எழுதித் தருவதில்லை. லைப்ரரிக்குள்ளேயே ஒரே ஒரு ஸ்டாட்டிக் இடம் இருக்கிறது. பதிலை அதில் எழுதிவிட்டு, ‘அங்கே இருக்கிறது, பார்த்துக்கொள்’ என்று கை காட்டுகிறது.

மருமகன் எழுதியது இப்படி: முதல் சர்வரின் பெயரைக் கொடுத்து அழைத்தான், வந்த பாயின்டரை ‘முதல்’ என்ற மாறியில் வைத்தான். இரண்டாவது பெயரைக் கொடுத்து அழைத்தான், அந்தப் பாயின்டரை ‘இரண்டு’ என்ற மாறியில் வைத்தான். அப்புறம் இரண்டையும் அச்சிட்டான். இரண்டு மாறியும் காட்டுவது ஒரே இடத்தை. டைம் கீப்பர் அறை வாசலில் ஒரே ஒரு கரும்பலகை. சிதம்பரம் வண்டியின் நேரத்தை எழுதினார். பிறகு அதை அழித்துவிட்டு விழுப்புரம் வண்டியின் நேரத்தை எழுதினார். ‘சிதம்பரம் வண்டிக்கு அந்தப் பலகையைப் பார்’ என்று மனதில் குறித்து வைத்தவன் திரும்பி வந்து பார்த்தால் விழுப்புரம்தான் இருக்கும். பலகையைக் குறித்து வைத்து என்ன பயன்? அதில் இருந்ததை அல்லவா குறித்திருக்க வேண்டும்.

“பாயின்டரோட மதிப்பையே அச்சிட்டுப் பாருடா” என்றேன். இரண்டும் ஒரே எண். வண்டி கிருமாம்பாக்கத்தில் நின்றது, பையன் முகத்தில் வெளிச்சம் வந்தது.

ஒரே புரோகிராமில் பல திரெட், அதாவது ஒரே நேரத்தில் நடக்கும் பல வேலைகள், ஓடினால் இன்னும் மோசம். ஒரு திரெட் படித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று அழித்து எழுதிவிடும். தினமும் வராது, என்றைக்காவது வரும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். இது போதாதென்று, ஒரு அழைப்பில் ஒரு வகை முகவரிதான் தரும், நடைமுறையில் ஐபிவி4 மட்டும். யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான போசிக்ஸ் தரம் 2001-இலேயே இதைப் பழசு என்று குறித்து, 2008-இல் நீக்கியும்விட்டது. பழைய புரோகிராம்கள் உடையக் கூடாது என்பதற்காக லைப்ரரியில் மட்டும் இன்னும் இருக்கிறது. 2015 ஜனவரியில் லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியில் ‘கோஸ்ட்’ என்று பெயரிடப்பட்ட ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியானது நினைவிருக்கலாம். அதுவும் இந்தக் குடும்பத்து ஃபங்ஷன்களின் உள்ளே இருந்த பஃபர் (தற்காலிக நினைவிடம்) தவறுதான். புது ஃபங்ஷன் மட்டும் யோக்கியமா என்றால், 2016-இல் அதிலும் ஒன்று அகப்பட்டது. இரண்டையும் அடைத்துவிட்டார்கள்.

சரி, புதுசுக்கு வருவோம். கெட்-அட்ர்-இன்ஃபோ. புதுசு என்று சொன்னாலும் 1990-களின் கடைசியில் ஐபிவி6-க்காக வகுத்தது, மருமகனைவிட வயதில் மூத்தது. கல்லூரி நோட்டுகளில் இன்னும் பழையதே ஓடுவது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

இதற்கு நான்கு விஷயம் கொடுக்க வேண்டும். முதலாவது பெயர். இரண்டாவது சேவை: ‘எச்டிடிபி’ என்று சேவையின் பெயராகவும் தரலாம், ‘80’ என்று எண்ணை எழுத்துச் சரமாகவும் தரலாம். மூன்றாவது ஹின்ட்ஸ், அதாவது நமக்கு என்ன மாதிரி பதில் வேண்டும் என்ற குறிப்பு. நான்காவது, பதில் பட்டியலின் தலை எங்கே வந்து உட்கார வேண்டும் என்பதற்கு ஒரு பாயின்டரின் முகவரி. வெற்றி என்றால் 0 திரும்பும்.

சேவையை இங்கேயே கொடுத்துவிடுவதில் ஒரு நல்லது உண்டு. போர்ட் எண்ணை நெட்வொர்க்குக்கு அனுப்பும்போது பெரிய பைட் முன்னால் வர வேண்டும். நம் மேசைக் கணினிகளில் சின்ன பைட் முன்னால் இருக்கும். பழைய முறையில் எச்டான்ஸ் என்ற ஃபங்ஷனை நாமே அழைத்துத் திருப்ப வேண்டும். மறந்தால் 80 என்பது 20480 ஆகிவிடும். புரோகிராம் 20480-ஆவது போர்ட்டைத் தட்டிக்கொண்டே இருக்கும், அங்கே திறக்க யாரும் இருக்கமாட்டார்கள். கெட்-அட்ர்-இன்ஃபோ இதைத் தானே திருப்பித் தந்துவிடும்.

ஹின்ட்ஸ் ஸ்ட்ரக்சரை முதலில் மெம்செட் போட்டு முழுக்கப் பூஜ்யமாக்குங்கள். இதைத் தவிர்த்தால் ஸ்டாக் என்ற நினைவிடத்தில் ஏற்கெனவே கிடந்த குப்பை, நாம் கேட்ட நிபந்தனை என்று எடுத்துக்கொள்ளப்படும். ஒரு நாள் ஓடும், மறுநாள் ஓடாது. பூஜ்யமாக்கிய பிறகு இரண்டை மட்டும் நிரப்பினால் போதும். குடும்பம் என்ற இடத்தில் ‘ஏஎஃப் அன்ஸ்பெக்’: ஐபிவி4 ஆனாலும் ஐபிவி6 ஆனாலும் சரி என்று பொருள். சாக்கெட் (இணைப்பின் நம் பக்கத்து முனை) வகை என்ற இடத்தில் ‘சாக் ஸ்ட்ரீம்’: அனுப்பியது வரிசை மாறாமல் போய்ச்சேரும் டிசிபி இணைப்பு வேண்டும்.

இந்த இரண்டாவதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று ஓட்டிக் காட்டினேன். ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற பெயரைத் தேடினோம். லினக்ஸில் 127.0.0.1 மூன்று முறை வந்தது. “என்ன மாமா, ஒண்ணையே மூணு தடவ சொல்லுது?” மூன்றும் ஒன்றில்லை. ஒன்று டிசிபிக்கு, ஒன்று யுடிபிக்கு, ஒன்று ரா சாக்கெட்டுக்கு. வகை சொல்லாததால் எல்லா வகையிலும் ஒவ்வொன்று பரிமாறியிருக்கிறது. வகையைச் சொன்னதும் ஒன்றாகச் சுருங்கியது.

பதில் வருவது ஒரு லிங்க்ட் லிஸ்ட்டாக, அதாவது ஒன்றோடொன்று கோத்த கணுக்களின் சங்கிலியாக. ஒவ்வொரு கணுவிலும் குடும்பம், சாக்கெட் வகை, புரோட்டோகால், முகவரி, அதன் நீளம், அடுத்த கணுவுக்கான பாயின்டர் இருக்கும். முதல் மூன்றையும் அப்படியே எடுத்து ‘சாக்கெட்’ ஃபங்ஷனுக்குக் கொடுக்க வேண்டும். முகவரியையும் நீளத்தையும் அப்படியே ‘கனெக்ட்’டுக்குக் கொடுக்க வேண்டும். எந்த இடத்திலும் ‘இது ஐபிவி4-ஆ, ஐபிவி6-ஆ’ என்று நாம் கேட்பதில்லை. எனக்கு இந்த ஃபங்ஷனில் பிடித்ததே இதுதான்.

பட்டியல் என்றால் பட்டியலாகவே நடத்த வேண்டும். பலரும் தலைக் கணுவை மட்டும் எடுத்துக்கொண்டு, அதில் கனெக்ட் ஆகவில்லை என்றால் ‘சர்வர் இல்லை’ என்று முடித்துவிடுகிறார்கள். பாண்டிக்குப் போகிறவன் முதல் வண்டி கிளம்பவில்லை என்றால் வீட்டுக்கா திரும்புவான்? பின்னால் நிற்கும் வண்டியில் ஏறுவான். புரோகிராமும் அதே மாதிரிதான்: தலையிலிருந்து ஆரம்பி, சாக்கெட் திற, கனெக்ட் செய்து பார், ஆகவில்லையா, அந்தச் சாக்கெட்டை மூடு, அடுத்த கணுவுக்குப் போ. ஏதாவது ஒன்று கிடைத்ததும் வெளியே வா. பட்டியலே தீர்ந்துபோனால்தான் தோல்வி. ‘அந்தச் சாக்கெட்டை மூடு’ என்பதை விட்டுவிடாதீர்கள்; மணிக்கொரு தடவை ஓடும் பெட்டியில் ஒரு மாதத்தில் திறந்த சாக்கெட்டுகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து, புதிதாக ஒன்றும் திறக்க முடியாத நிலை வந்துவிடும்.

பட்டியலின் வரிசையும் ஏனோதானோ என்று வருவதில்லை. நம் கணினியிலிருந்து எந்த முகவரிக்குப் போவது பொருத்தம் என்று பார்த்து வரிசைப்படுத்த ஒரு தரம் இருக்கிறது. 2012-இல் வந்த இணையத் தர ஆவணம், ஆர்எஃப்சி 6724. பெரும்பாலும் ஐபிவி6 முன்னால் வரும். அந்த வழி எங்கேயோ அடைத்திருந்தால், லினக்ஸில் கனெக்ட் தானாகக் கைவிட இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும், அப்புறம்தான் அடுத்த கணு. பிரவுசர்கள் இவ்வளவு பொறுமையாக இருப்பதில்லை. கால் செகண்டு பார்த்துவிட்டு அடுத்த முகவரியையும் சேர்த்தே முயலும். நம் சின்னப் பெட்டிக்கு அவ்வளவு வேண்டாம், கனெக்டுக்கு ஒரு காலக்கெடு வைத்தால் போதும்.

வேலை முடிந்ததும் ஃப்ரீ-அட்ர்-இன்ஃபோவை அழைத்துப் பட்டியலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கரும்பலகை இல்லை என்பதால் வந்த பொறுப்பு இது: இங்கே ஒவ்வொரு பதிலும் நமக்கென்று தனித்தாளில் எழுதித் தரப்படுகிறது, கிழித்துப் போடுவதும் நம் வேலை. வண்டியிலேயே புதுசுக்கு மாற்றி எழுதிய மருமகன் இதைச் சரியாகவே போட்டிருந்தான், ஆனால் தலைப் பாயின்டரையே நகர்த்திக்கொண்டு பட்டியலில் நடந்திருந்தான். கடைசியில் அது எங்கே நிற்கும்? கிடைத்த இடத்தில், இல்லாவிட்டால் எதையும் காட்டாத ‘நல்’-இல். தலை போய்விட்டது, முன்னால் இருந்த கணுக்களை விடுவிக்க வழியில்லை. நடப்பதற்கு வேறொரு பாயின்டர் வைத்துக்கொண்டு தலையை அதன் இடத்தில் விட்டுவிட வேண்டும்.

பிழைகளைப் பற்றி. இங்கே தடுக்கி விழாதவர் இல்லை. கெட்-அட்ர்-இன்ஃபோ தோற்றால் பிழை எண்ணைத் திரும்பும் மதிப்பாகவே தருகிறது. நாம் பழக்கதோஷத்தில், பிழையை அச்சிடும் பிஎரர் ஃபங்ஷனைப் போடுவோம். பிஎரர் பார்ப்பது எர்ர்நோ என்ற பொதுவான பிழை எண்ணை; இந்த ஃபங்ஷன் அதில் எழுதுவதில்லை. மருமகன் திரையில் ‘லுக்கப் ஃபெயில்டு: சக்சஸ்’ என்று வந்திருந்தது. பரீட்சையில் ஃபெயில், ஆனால் பாஸ் என்ற மாதிரி. காய்-ஸ்ட்ர்எரர் என்று தனியாக ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. இதில் ‘காய்’க்குப் பின்னால் ஒரு அண்டர்ஸ்கோர் வரும். திரும்பிய எண்ணை அதற்குக் கொடுத்தால் படிக்கக்கூடிய வாக்கியம் வரும். ‘இஏஐ சிஸ்டம்’ என்ற ஒரே ஒரு பிழைக்கு மட்டும் எர்ர்நோவைப் பார்ப்பது சரி.

பிழைகளுக்குள் இரண்டைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். ‘இஏஐ நோநேம்’ என்றால் விசாரித்தாயிற்று, அப்படி ஒரு பெயர் இல்லை. ‘இஏஐ அகெய்ன்’ என்றால் விசாரிக்கவே முடியவில்லை, பிறகு வா. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிய அனுபவம் எனக்கே உண்டு. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. மின்சாரம் போய், லைன் போய், நான் எழுதிவைத்த ஒரு புரோகிராம் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. தேடல் தோற்றால் ‘இந்தப் பெயர் செல்லாது’ என்று பட்டியலிலிருந்து நீக்கிவிடும்படி எழுதியிருந்தேன், எந்தப் பிழை என்று பார்க்காமல். லைன் திரும்பி வந்தபோது என் பட்டியலில் ஒரு பெயர்கூட மிச்சமில்லை. புயலில் அடித்துக்கொண்டு போனது தென்னையும் கூரையும் மட்டுமில்லை.

இன்னொன்று: இந்த ஃபங்ஷன் பதில் வரும்வரை நம்மை நிற்க வைத்துவிடும். ‘இத்தனை செகண்டுக்குள் சொல்’ என்று கேட்க இடமில்லை. லினக்ஸில் வழக்கமான அமைப்பு, ஒரு பெயர் சர்வருக்கு 5 செகண்டு, மொத்தம் 2 சுற்று. பெயர் சர்வர் செத்திருந்தால் ஒரு தேடலுக்குப் பத்து செகண்டு, இரண்டு சர்வர் எழுதியிருந்தால் இருபது. திரையில் பட்டனும் படமும் இருக்கும் புரோகிராமில் இதை நேராக அழைத்தால் திரை உறைந்துபோகும். தனி திரெட்டில் போட்டுவிடுங்கள்.

இப்போது கவுன்டருக்கு உள்ளே யார் என்ற கேள்வி. லினக்ஸில் இடிசி என்ற அடைவுக்குள் என்எஸ்ஸ்விட்ச் என்று ஒரு அமைப்புக் கோப்பு இருக்கும். அதில் ‘ஹோஸ்ட்ஸ்’ என்று தொடங்கும் வரி, யாரிடம் எந்த வரிசையில் கேட்பது என்று சொல்கிறது. வழக்கமாக ‘ஃபைல்ஸ்’ முதலில், ‘டிஎன்எஸ்’ அடுத்தது. சில கணினிகளில் நடுவில் இன்னும் சிலர் இருப்பார்கள். ஃபைல்ஸ் என்றால் அதே அடைவில் இருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பு. ஸ்டான்ஃபோர்டில் இருந்த அந்தப் பழைய கோப்பின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். டிஎன்எஸ் என்றால் ரிசால்வ் என்ற கோப்பில் எழுதியிருக்கும் பெயர் சர்வர்கள்.

ஹோஸ்ட்ஸ் கோப்பால் ஒரு முழு மத்தியானத்தைத் தொலைத்திருக்கிறேன். என்றைக்கோ சோதனைக்காக ஒரு சர்வரின் பெயருக்கு நேரே ஒரு எண்ணை அதில் எழுதி, மறந்தும்விட்டேன். பல மாதம் கழித்து அந்தச் சர்வர் வேறு முகவரிக்கு மாறியது. அலுவலகத்தில் எல்லோருக்கும் வேலை செய்கிறது, எனக்கு மட்டும் இல்லை. டிக் கட்டளை போட்டுப் பார்த்தால் புது முகவரி வருகிறது. புரோகிராமோ பழைய முகவரிக்கே ஓடுகிறது. டிக், என்எஸ்லுக்கப் இரண்டும் நேராக டிஎன்எஸ்ஸிடம் கேட்கிறவை. ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சி லைப்ரரி அந்தக் கோப்பைத்தான் முதலில் பார்க்கும். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள், ஆனால் கேட்ட இடம் வேறு. உங்கள் புரோகிராமுக்கு என்ன பதில் கிடைக்கும் என்று தெரிய வேண்டுமானால் ‘கெட்என்ட் ஏஹோஸ்ட்ஸ்’ என்று போட்டு, பக்கத்தில் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். அது கெட்-அட்ர்-இன்ஃபோ வழியாகவே கேட்கிறது. இந்த ஒரு கட்டளை அன்றைக்குத் தெரிந்திருந்தால் சாப்பிடவாவது போயிருப்பேன்.

எண்ணிலிருந்து பெயருக்குத் திரும்பிப் போக கெட்-நேம்-இன்ஃபோ. நம் சர்வருக்கு யார் வந்தார்கள் என்று பதிவேட்டில் எழுத இது உதவும். பெயர் கிடைக்காவிட்டால் எண்ணையே சரமாக எழுதித் தந்துவிடும். பெயர் கண்டிப்பாக வேண்டும் என்றால் அதற்கு ஒரு ஃபிளாக் உண்டு, எண் மட்டும் போதும் என்றாலும் ஒரு ஃபிளாக் உண்டு. டிஎன்எஸ்ஸைத் தொந்தரவு செய்யாமல் முகவரியை அழகாக அச்சிட நான் இந்த இரண்டாவதைத்தான் பயன்படுத்துகிறேன், ஐபிவி4-க்கும் ஐபிவி6-க்கும் ஒரே மாதிரி வேலை செய்யும். எண்ணைச் சரமாக்கும் பழைய ஐநெட்-என்டிஓஏ (‘ஐநெட்’டுக்குப் பின்னால் இங்கேயும் அண்டர்ஸ்கோர்) இதிலும் அதே கரும்பலகைக்காரர், அவரை விட்டுவிடுங்கள்.

திரும்பி வரும் பெயரை நம்பி யாரையும் உள்ளே விடாதீர்கள். முகவரி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அதற்கான திரும்பு பெயரை எழுதுகிறார். புதுச்சேரிக் கடற்கரைப் பக்கத்துத் தெருக்களில் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதிய நீலப் பலகைகளை நகராட்சி வைத்திருக்கிறது, அதை நம்பலாம். வீட்டு வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை அப்படியில்லை. ‘கலெக்டர்’ என்று யார் வேண்டுமானாலும் எழுதி மாட்டிக்கொள்ளலாம். வந்த பெயரைத் திரும்பவும் கெட்-அட்ர்-இன்ஃபோவில் கொடுத்து, அதே எண் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தால் ஓரளவு தேறும்.

தமிழிலேயே பெயர் கொடுக்கலாமா என்று கேட்டான். கொடுக்கலாம். ‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்று தமிழில் முடியும் இணையப் பெயர்கள் உண்டு. ஆனால் டிஎன்எஸ்ஸுக்குள் அவை ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வேஷத்தில்தான் போகின்றன. பியூனிகோட் என்று பெயர். ஜிலிப்சியில் இந்த மாற்றத்தைச் செய்ய ஹின்ட்ஸில் ‘ஏஐ ஐடிஎன்’ என்ற ஃபிளாக்கைப் போட வேண்டும். இது ஜிலிப்சியின் சொந்தச் சேர்க்கை, வேறு லைப்ரரிகளில் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

மரப்பாலம் நெருங்கும்போது கடைசியாக ஒரு கேள்வி கேட்டான். நல்ல கேள்வி.

“பெட்டி ஆன் ஆகும்போது ஒரு தடவ தேடி வச்சுக்கிட்டா போதாதா மாமா? எதுக்கு மணிக்கு மணி தேடணும்?”

டிஎன்எஸ் பதில் ஒவ்வொன்றுக்கும் ஆயுள் உண்டு, இத்தனை செகண்டு வரை செல்லும் என்று. ஆனால் கெட்-அட்ர்-இன்ஃபோ அந்த ஆயுளை நமக்குச் சொல்வதில்லை. பட்டியலைத் தருகிறது, காலாவதித் தேதியைக் கிழித்துவிட்டுத் தருகிறது. அதனால் கையில் இருப்பது கெட்டுப்போனதா இல்லையா என்று நமக்குத் தெரிய வழியில்லை. இவன் பெட்டி வயல்வெளியில் ஆறு மாதம் யாரும் தொடாமல் ஓடப்போகிறது. நடுவில் சர்வரை வேறு இடத்துக்கு மாற்றினால், பெயர் சர்வரில் ஒரு வரி திருத்தியதும் ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்துவிடும், இவன் பெட்டிக்கு மட்டும் தெரியாது. பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கும், யாராவது போய் ஸ்விட்சை அணைத்துப் போடும்வரை.

மணிக்கு ஒரு தடவை இணைப்பு எடுக்கும்போதெல்லாம் புதிதாகத் தேடினால் என்ன நஷ்டம்? பெரும்பாலும் சில மில்லிசெகண்டு. அடுத்தடுத்துக் கேட்கிறவர்களுக்காகப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையைக் கணினியில் ஓடும் வேறு சேவைகளும் நெட்வொர்க்கில் இருக்கும் பெயர் சர்வரும் ஆயுள் பார்த்துச் செய்துகொள்கின்றன. அந்தத் தலைவலியை நாம் ஏன் எடுத்துத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும்?

அவன் தேடும் வரிகளை எடுத்து, அனுப்பும் ஃபங்ஷனுக்குள் போட்டான். ஓட்டிப் பார்த்தான். முதல் பெயருக்கு இரண்டு முகவரி, இரண்டாவதற்கு ஒன்று, எல்லாம் வேறு வேறு. லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைப்பதற்குள் கண்டக்டர் பின்னாலிருந்து குரல் கொடுத்துவிட்டார்: “பாண்டி பஸ் ஸ்டாண்டு எல்லாம் எறங்கு.”